குண்டு பல்பு வாங்கினேன்: இழை தடிமனா மெல்லிசா, எது பிரகாசம்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு வெளிச்சத்துக்காக இன்று யாரும் குண்டு பல்பு வாங்க வேண்டியதில்லை. 9 வாட் எல்இடி பல்பு ஏறக்குறைய 900 லுமென் (பல்பு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு) தருகிறது, 60 வாட் குண்டு பல்பு அவ்வளவு கரன்ட்டைக் குடித்துவிட்டு 710 லுமென் பக்கம்தான் தரும், அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் கோழிக்குஞ்சுக்குச் சூடு கொடுக்க, முட்டை பொரிக்கும் பெட்டிக்கு, ரிப்பேர் கடையில் சாமானைச் சோதித்துப் பார்க்கும் சீரிஸ் போர்டுக்கு, பூஜை அறையில் பழக்கம் விடாமல் எரியும் ஜீரோ வாட்டுக்கு, பழைய பைக்கின் பிரேக் லைட்டுக்கு என்று இது இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. நானும் நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்காகத்தான் எங்கள் ஊர் எலக்ட்ரிகல் கடைக்குப் போனேன்.

பின் அலமாரியில் தூசி படிந்த அட்டைப் பெட்டிகளில் எல்லா வாட்டும் இருந்தது. கண்ணாடி தெளிவாக இருக்கும் பல்புகளாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடைக்காரர் ஒரு யோசனை சொன்னார்: "இழை மெல்லிசா இருக்கறதைப் பாத்து எடுங்ணா, அதான் நல்லா பளிச்சுனு எரியும். தடிமனா இருந்தா மங்கலாத்தான் இருக்கும்." பக்கத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த பையன் உடனே, "இல்லீங்ணா, தடிமன்தான் வெளிச்சம், நூறு வாட்டைப் பாருங்க" என்றான். இரண்டு பேரும் தினமும் பல்பை எரித்துப் பார்க்கிறவர்கள். இரண்டு பேரும் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். சரி, ஒவ்வொன்றிலும் ஒன்று வாங்கிப் பார்த்துவிடலாம் என்று ஜீரோ வாட், 40, 60, 100, 200, அப்புறம் ஹோட்டல்களில் தொங்குமே அந்தப் பழங்கால ஸ்டைல் பல்பு ஒன்று, பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 12 வோல்ட் டெயில்-பிரேக் பல்பு ஒன்று என்று அள்ளிக்கொண்டு வந்தேன். அலங்காரப் பல்பைத் தவிர மற்றதெல்லாம் மலிவு, எல்லாம் சேர்த்தும் பெரிய செலவில்லை.

சோதனைக்கு என்னிடம் இருந்தது ஒரு சாதாரண மல்டிமீட்டர், போனில் வெளிச்சம் அளக்கும் ஆப், எரியும் இழையைப் பார்க்க ஒரு வெல்டிங் கண்ணாடி. போன் ஆப் சொல்லும் லக்ஸ் கணக்கை நம்ப முடியாது, ஆனால் ஒரே இடத்தில் ஒரே தூரத்தில் வைத்து இதைவிட அது எவ்வளவு கூடுதல் என்று பார்க்க அது போதும். (வெல்டிங் கண்ணாடி இல்லாமல் தெளிவான கண்ணாடி பல்பை உற்றுப் பார்க்காதீர்கள், அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு எங்கே பார்த்தாலும் பச்சையாக ஒரு சுருள் மிதக்கும்.)

மல்டிமீட்டரை பல்பின் அடியில் வைத்தால் கதை பாதி வெளியே வந்துவிடுகிறது. எரியாத, குளிர்ந்த நிலையில் 200 வாட் பல்பு 20 ஓம்மை ஒட்டிக் காட்டுகிறது, 100 வாட் 40 ஓம் பக்கம், 60 வாட் 65, 40 வாட் 100 ஓம், ஜீரோ வாட் 300 ஓம் பக்கம் போகிறது. அதாவது வாட் ஏற ஏற மின்தடை (அந்த ஓம் அளவு) குறைகிறது. எல்லாம் ஒரே உலோகம், டங்ஸ்டன். ஒரே உலோகத்தில் தடை குறைய வேண்டும் என்றால் ஒன்று கம்பி நீளம் குறைய வேண்டும், இல்லையா தடிமன் ஏற வேண்டும். 100 வாட்டின் இழையைப் பார்த்தால் 40 வாட்டைவிடக் குட்டையாக இல்லை, சொல்லப்போனால் கூடுதல் நீளம். ஆக தடிமன்தான். பையன் சொன்னது சரி என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

எவ்வளவு தடிமன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் 230 வோல்ட்டுக்குச் செய்த 40 வாட் பல்பில் இழையின் குறுக்களவு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்குகூட வராது, தோராயமாக 0.023. 100 வாட்டில் 0.04 பக்கம். இரண்டுமே தலைமுடியைவிட மெல்லியவை. நமக்குக் கண்ணில் தெரிவது கம்பி அல்ல, கம்பியைச் சுருட்டி, அந்தச் சுருளையே திரும்பவும் சுருட்டி வைத்த சுருள். பிரித்து நீட்டினால் 100 வாட் இழை ஒரு மீட்டருக்கு வரும், 40 வாட் முக்கால் மீட்டர். அதனால் கடையில் நின்று கண்ணால் பார்த்து "இது தடிமன், இது மெல்லிசு" என்று சொல்வது சுருளைப் பார்த்துச் சொல்வதுதான், உள்ளே இருக்கும் கம்பியைப் பார்த்து அல்ல. மல்டிமீட்டர்தான் சாட்சி.

இங்கே ஒரு கேள்வி வரும். தடிமனைக் கூட்டினால் தடை குறைந்து கரன்ட் கூடுகிறது, வெளிச்சம் கூடுகிறது, அப்படியென்றால் எதற்கு நீளத்தையும் கூட்டுகிறார்கள்? நீளத்தை அப்படியே வைத்து தடிமனை மட்டும் இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். குறுக்குப் பரப்பு நான்கு மடங்கு, தடை நாலில் ஒன்று, உள்ளே போகும் மின்சக்தி நான்கு மடங்கு. ஆனால் அந்தச் சூட்டை வெளியே விடுகிற மேற்பரப்பு இரண்டு மடங்குதான் கூடியிருக்கிறது. மிச்சம் சூடு எங்கே போகும்? இழையின் வெப்பநிலை ஏறித்தான் ஆக வேண்டும். சூடேறினால் டங்ஸ்டனின் தடையும் ஏறுவதால் கணக்கு கொஞ்சம் இறங்கும், ஆனாலும் 2700 கெல்வினில் (ஏறக்குறைய 2430 டிகிரி செல்சியஸ்) எரிய வேண்டியது 3000 கெல்வினைத் தாண்டிவிடும். வெளிச்சம் கண்ணைப் பறிக்கும், ஆனால் ஆயிரம் மணி நேரம் வர வேண்டிய பல்பு நாள் கணக்கில் போய்விடும். டங்ஸ்டன் உருக 3422 டிகிரி செல்சியஸ் வேண்டும், அது வரைக்கும் போக வேண்டியதே இல்லை, அதற்கு முன்பே ஆவியாகித் தேய்ந்துவிடும். அதனால்தான் தடிமனைக் கூட்டும்போது நீளத்தையும் கொஞ்சம் கூட்டிச் சூட்டைக் கட்டுக்குள் வைக்கிறார்கள். ஒரே வோல்டேஜில், ஒரே வெப்பநிலையில் 40 வாட்டை 100 வாட் ஆக்க, தடிமன் 1.8 மடங்கும் நீளம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலும் கூட வேண்டும். இதைக் கண்டுபிடித்துத் திட்டமாகச் செய்தவர்களை நினைத்தால் 20 ரூபாய் சாமானாகவே தெரியவில்லை.

இப்போது வெளிச்சக் கணக்கு. வழக்கமான 230 வோல்ட் பல்பில் 40 வாட்டுக்கு 415 லுமென், 60-க்கு 710, 100-க்கு 1340 என்ற அளவில் வரும். வாட் இரண்டரை மடங்கு, வெளிச்சமோ மூன்று மடங்குக்கு மேல். என் போன் ஆப்பிலும் 100 வாட் பல்பு 60 வாட்டைவிட ஏறக்குறைய இரட்டிப்பாகத்தான் காட்டியது. கரன்ட் பில்லை வைத்துப் பார்த்தால் 40 வாட் பல்பு ஒரு வாட்டுக்கு 10 லுமென்தான் தருகிறது, 100 வாட் 13-க்கு மேல். இது ஏன் என்று கேட்டால் அதற்கும் பதில் தடிமன்தான். மெல்லிய இழையில் கொஞ்சம் உலோகம் ஆவியானாலே பெரிய பங்கு போய்விடும். அதனால் அதைச் சற்றுக் குறைந்த சூட்டில் எரியும்படி அமைத்தாக வேண்டும். தடித்த இழை அதே ஆயுளுக்கு இன்னும் கொஞ்சம் சூட்டைத் தாங்கும். சூடு சிறிது ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் பெரிதாக ஏறும். அமெரிக்காவில் வீட்டு லைன் 120 வோல்ட், அங்கே அதே 100 வாட்டுக்கு இரண்டு மடங்கு கரன்ட் ஓட வேண்டும், அதற்கு இழை இன்னும் தடிமன், அதனால் அங்கே 100 வாட் பல்பு 1600 லுமென்னுக்கு மேல் தரும். ஒரே வாட், ஆயுள் அங்கே கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு கம்பியின் தடிமனால் வருவது.

ஆகவே வெளிச்சத்துக்காகவே குண்டு பல்பு வாங்கியே தீர வேண்டிய நிலை என்றால், இரண்டு 40 வாட் மாட்டாமல் ஒரு 100 வாட் மாட்டுங்கள்.

ஜீரோ வாட்டைப் பற்றி. பெயர்தான் ஜீரோ, குடிப்பது 15 வாட் பக்கம். பழைய சக்கர மீட்டர் இந்தச் சின்ன கரன்ட்டுக்கு நகராமல் நின்றதால் வந்த பெயர் என்பார்கள். இரவெல்லாம் எரிந்தால் மாதத்துக்கு நாலைந்து யூனிட் நிச்சயம். வெளிச்சமோ சிவந்து, மங்கி, அறையில் கால் தடுக்காமல் நடக்க மட்டும் போதும். அதன் இழை இருப்பதிலேயே மெல்லிசு, கடைக்காரர் சொன்னபடி பார்த்தால் அதுதான் பளிச்சென்று எரிந்திருக்க வேண்டும். பூஜை அறைக்கு அரை வாட் எல்இடி வாங்கிக்கொள்ளுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

வாங்கியதில் ஒரு ஏமாற்றமும் உண்டு. கடையில் நமக்குத் தெரிந்த கம்பெனிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் பெயரே சரியாக அச்சாகாத ஒரு மலிவு ரகம் இருந்தது, தலையில் 100 வாட் என்று மட்டும் பொறித்திருந்தது, ஐந்து ரூபாய் குறைவு. வீட்டில் மீட்டர் வைத்தால் 60 ஓம்மைத் தாண்டிக் காட்டியது. 100 வாட் என்றால் 40 பக்கம் வர வேண்டும். எரித்துப் பார்த்தால் என் 60 வாட்டுக்கும் அதற்கும் வித்தியாசமே கண்டுபிடிக்க முடியவில்லை. மெல்லிய இழையைப் போட்டு 100 என்று அடித்துவிட்டார்கள், அவ்வளவுதான். பார்க்கும்போது சுருள் பெரிதாக, தடிமனாகத்தான் தெரிந்தது. கையில் மீட்டர் இருந்தால் கடையிலேயே பார்த்து வாங்குங்கள், கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. நினைவில் வைத்துக்கொள்ள ஒரு சுலபக் கணக்கு: 4000-ஐ வாட்டால் வகுத்தால் குளிர்ந்த நிலையில் வர வேண்டிய ஓம் தோராயமாகக் கிடைத்துவிடும். 40, 60, 100, 200 எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது.

வாங்கியதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது எதுவென்றால் அந்த 12 வோல்ட் டெயில்-பிரேக் பல்புதான். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழை, 21 வாட் ஒன்று, 5 வாட் ஒன்று. இரவில் பின்னால் சிவப்பாக எரிந்துகொண்டே இருப்பது 5 வாட், பிரேக் மிதித்தால் பளீரென்று வருவது 21 வாட். தடிமன் வித்தியாசத்தை வெறும் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் இதைவிட நல்ல சாமான் கிடையாது, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், 21 வாட் இழை இரண்டரை மடங்கு தடிமன். இரண்டுக்கும் ஒரே பேட்டரி, ஒரே 12 வோல்ட். இந்த வகைப் பல்புக்கான விதிப்படி 13.5 வோல்ட்டில் பிரேக் இழை 440 லுமென், டெயில் இழை 35 லுமென் தர வேண்டும். வாட் நான்கு மடங்கு, வெளிச்சம் பன்னிரண்டு மடங்கு. டெயில் லைட் மணிக்கணக்காக எரிய வேண்டும் என்பதால் அந்த மெல்லிய இழையைச் சூடு குறைவாகவே வைத்திருக்கிறார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. 440 லுமென் என்றால் வீட்டு 40 வாட் குண்டு பல்பின் 415-ஐவிடக் கூடுதல்! பெயருக்கு 21 வாட், 13.5 வோல்ட்டில் உண்மையாகவே குடிப்பது 25 வாட் பக்கம் என்று வைத்துக்கொண்டாலும் 40 வாட்டை முந்துகிறது. காரணம் அதே தடிமன்: 12 வோல்ட்டில் 21 வாட் வேண்டும் என்றால் 1.75 ஆம்பியர் ஓட வேண்டும், வீட்டு 40 வாட்டில் ஓடுவது 0.17 ஆம்பியர்தான். பத்து மடங்கு கரன்ட்டைத் தாங்கும் குட்டையான தடித்த கம்பி, அதை நல்ல சூட்டில் எரிக்கலாம். அதற்கு விலையாக ஆயுள் குறையும்தான், ஆனால் பிரேக்கை யாரும் நாள் முழுக்க மிதித்துக்கொண்டிருப்பதில்லை. இதன் இரண்டு பக்கக் காதுகளும் ஒரே உயரத்தில் இருக்காது, மாற்றி மாட்டினால் எந்நேரமும் பிரேக் பிடித்த மாதிரி எரியும் என்பதால் வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். சில மெக்கானிக்குகள் அழுத்தித் திருகி எப்படியோ மாற்றி மாட்டிவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

இதற்கு நேர் எதிர் அந்தப் பழங்கால ஸ்டைல் பல்பு. பெரிய கண்ணாடி, உள்ளே நீளநீளமாக மேலும் கீழும் ஓடும் இழை, தேன் நிறத்தில் ஒளி. பார்க்க அழகு, அதை மறுக்க மாட்டேன். விலை சாதாரணப் பல்பைப்போல் பத்து மடங்கு. பெட்டியில் 40 வாட் என்று போட்டிருந்தது, மீட்டரும் அதையே சொன்னது, அதில் ஏமாற்றில்லை. ஆனால் வெளிச்சம்? வெல்டிங் கண்ணாடி இல்லாமலே நேராக உற்றுப் பார்க்க முடிகிறது. போன் ஆப்பில் சாதாரண 40 வாட்டுக்குப் பாதிகூட வரவில்லை. இழை நீளமாக இருப்பதால் அந்த 40 வாட்டும் பரவிப்போய், ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் கொஞ்சமாகத்தான் கிடைக்கிறது, 2200 கெல்வின் பக்கம்தான் சூடேறும், அந்தச் சூட்டில் வருவதெல்லாம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதாவது 40 வாட்டுக்குக் காசு கட்டி ஒரு மெழுகுவர்த்திக் கூட்டத்தை ஏற்றி வைத்திருக்கிறோம். டீக்கடை, கஃபே வைத்திருப்பவர்கள் அழகுக்காகத் தொங்கவிடட்டும், படிக்கிற மேஜைக்கு வேண்டவே வேண்டாம். இதே தோற்றத்தில் எல்இடியும் வருகிறது, உள்ளே மஞ்சள் குச்சிகள் போல இருப்பதை "ஃபிலமென்ட்" என்று விற்கிறார்கள். அது டங்ஸ்டன் இல்லை, வரிசையாக ஒட்டிய குட்டி எல்இடிகளின் மேல் மஞ்சள் பூச்சு, அங்கே தடிமனைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அழகு வேண்டும் கரன்ட் போகக் கூடாது என்றால் அதை வாங்குங்கள்.

சரி, கடைக்காரர் சொன்னதற்கு வருவோம். அவர் எங்கே பார்த்துவிட்டு அப்படிச் சொன்னார் என்பது இரண்டாம் முறை கடைக்குப் போனபோது புரிந்தது. பின்னால் ஒரு பலகையில் இரண்டு ஹோல்டரைத் தொடராக இணைத்து சீரிஸ் போர்டு வைத்திருக்கிறார், ரிப்பேருக்கு வரும் மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் அதில் போட்டுத்தான் பார்ப்பார். அந்தப் போர்டில் ஒரு பக்கம் 40, மறு பக்கம் 100 மாட்டி சுவிட்சைப் போட்டால், 40 வாட் நன்றாக எரிகிறது, 100 வாட் செத்த மாதிரி கிடக்கிறது! மெல்லிய இழை பளிச், தடித்த இழை மங்கல். அவர் பல வருடமாகக் கண்ணால் கண்டது இதுதான்.

தொடரில் இரண்டு பல்பிலும் ஓடுவது ஒரே கரன்ட், 0.17 ஆம்பியருக்கும் கொஞ்சம் குறைவு. அது மெல்லிய 40 வாட் இழைக்கு ஏறக்குறைய முழுச் சாப்பாடு. 0.43 ஆம்பியர் வேண்டிய 100 வாட் இழைக்கு அது போதாது, சரியாகச் சூடாகவே செய்யாது. சூடாகாததால் அதன் தடையும் குறைவாகவே நிற்கிறது, வோல்டேஜ் முழுக்க 40 வாட்டின் பக்கமே போய் விழுகிறது. வீட்டு வயரிங்கில் ஒவ்வொரு பல்பும் தனித்தனியாக 230 வோல்ட்டில் இருக்கிறது, அங்கே தடித்த இழைதான் அதிகக் கரன்ட்டை இழுத்து அதிகமாக எரியும். ஆக கடைக்காரரும் சரி, பையனும் சரி, ஒருவர் போர்டைச் சொன்னார், இன்னொருவர் வீட்டைச் சொன்னான். பிளஸ் டூ மாணவர்கள் இந்தக் கேள்வியில்தான் வழுக்குவார்கள், வீட்டில் பெரியவர்களை வைத்துக்கொண்டு ஒரு முறை செய்து பார்த்தால் பிறகு மறக்காது.

வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள், பல்பின் தலையில் எத்தனை வோல்ட் என்று பொறித்திருக்கிறது என்பதை. 230 என்றும் இருக்கும், 240, 250 என்றும் இருக்கும். 250 என்று போட்ட பல்பை 230-இல் எரித்தால் வெளிச்சம் முக்கால் பங்குக்கு இறங்கும், ஆயுள் மூன்று மடங்குக்கு ஏறும். நல்ல பேரம்தான், சூட்டுக்கு வாங்குகிறவர்களுக்கு. வோல்டேஜ் விஷயத்தில் இந்தப் பல்பு ரொம்ப ரோஷக்காரன்: வோல்டேஜ் 5 சதவீதம் ஏறினால் ஆயுள் பாதி போய்விடும். தோட்டத்துப் பக்கம் சாயங்காலம் எல்லா மோட்டாரும் ஓடும்போது லைன் 180-க்கு இறங்கும், அப்போது வெளிச்சம் பாதிக்கும் கீழே. பின்னிரவில் மோட்டார் எல்லாம் நின்றபின் 250-க்கு ஏறும், அப்போதுதான் பல்பு போகும். "ராத்திரி நல்லா எரிஞ்சுது, காலையில பாத்தா ஃபியூஸ்" என்று எல்லோரும் பல்பைத் திட்டுவோம், திட்ட வேண்டியது லைனை.

பல்பு போவதும் தடிமன் கதைதான். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இழை முழுக்க ஒரே தடிமன் இருக்காது, எங்கோ ஒரு இடம் மயிரிழை மெலிந்திருக்கும். அந்த இடத்தில் சூடு அதிகம், அதனால் அங்கேதான் அதிகமாக ஆவியாகும், ஆவியானால் இன்னும் மெலியும், மெலிந்தால் இன்னும் சூடு. ஆவியான டங்ஸ்டன்தான் பழைய பல்பின் உள்பக்கத்தில் கறுப்பாகப் படிந்திருப்பது. சுவிட்சைப் போடும் நொடியில் குளிர்ந்த இழையின் தடை குறைவாக இருப்பதால் 100 வாட் பல்புக்குள் 5 ஆம்பியருக்கு மேல் பாயும், அந்த மெலிந்த இடம் அதைத் தாங்காது, டிக். அதனால்தான் பெரும்பாலும் போடும்போதே போகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் லிவர்மோர் ஊர் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் எரியும் ஒரு பல்பு இருக்கிறது, அதைக் காட்டி "அந்தக் காலத்துச் சாமான்" என்பார்கள். அது தடித்த கார்பன் இழை, இப்போது 4 வாட் அளவுக்கு மினுங்குகிறது, அணைப்பதும் அபூர்வம். நம் ஜீரோ வாட்டைவிட மங்கல். அந்த வெளிச்சம் போதும் என்றால் எதுவும் நூறு வருடம் எரியும். கம்பெனிக்காரர்கள் சேர்ந்து 1924-இல் கூட்டு வைத்து ஆயுளை ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் போகாமல் கட்டியது உண்மைதான், ஆனால் ஆயுளைக் கூட்டினால் வெளிச்சம் குறையும் என்பதும் உண்மை.

இனி நான் வாங்கப் போன காரியம். குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி வரை சூடு வேண்டும், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்று பண்ணைக்காரர்கள் கணக்குச் சொல்வார்கள். இங்கே மேலே சொன்ன தடிமன் லாபம் எல்லாம் செல்லாது. ஏனென்றால் எந்தக் குண்டு பல்பிலும் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாவதில்லை, மீதி எல்லாம் சூடு, 40 ஆனாலும் 100 ஆனாலும் வாட்டுக்கு வாட் சூடு ஒன்றுதான். அதனால் ஐம்பது குஞ்சுக்கு ஒரு 100 வாட் மாட்டாமல் இரண்டு 60 வாட் மாட்டினேன். நடுராத்திரி ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும். ஒரு வாரம் கழித்து ஒன்றை 40-க்கு மாற்றினால் போதும், சூடு தானாகக் குறையும். குஞ்சுகள் பல்புக்கடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் சூடு போதவில்லை, ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் அதிகம், தெர்மாமீட்டரைவிட அவை சரியாகச் சொல்லும்.

எனக்குப் பயன்படாமல் போனது 200 வாட்தான். வெளிச்சம் அபாரம், ஒரு வாட்டுக்கான லுமென்னிலும் அதுதான் முதல், ஆனால் இதைத் தாங்க வீட்டில் ஹோல்டர் வேண்டுமே. பிளாஸ்டிக் ஹோல்டரில் மாட்டினால் சீக்கிரமே பழுத்து, வாசம் வந்து, பிடி தளர்ந்து பல்பு ஆட ஆரம்பிக்கும், வைக்கோல் இருக்கும் கூண்டில் அது வம்பு. வாங்கத்தான் வேண்டும் என்றால் பீங்கான் ஹோல்டரையும் கம்பி வலைக் கூண்டையும் சேர்த்து வாங்குங்கள். கடையில் எரித்துக் காட்டித்தான் தருகிறார்கள், அதன்பிறகு மாற்றித் தர மாட்டார்கள். எரித்துக் காட்டுவது அந்த சீரிஸ் போர்டில் என்றால் 200 வாட் எரியாத மாதிரிதான் தெரியும், நேர் லைனில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.